பதினேழாம் எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் பிளெசி. பி.காம். முடித்து, கல்யாணமாகி, மகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு முப்பத்திரண்டாம் வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். இப்போது சைனிக்புரியில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போகிறாள். அங்கே இருக்கும் இளவட்டங்கள் “அக்கா, இது ஏன் ஓடல?” என்று அவளிடம் வந்து நிற்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

தான் போகும் தமிழ்ச் சபைக்கு அவள் ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தாள். பிறப்பு, திருமணம், மரணம் என்று மூன்று வகை அறிவிப்புகள். ஒவ்வொன்றின் கீழும் யார் வேண்டுமானாலும் இரண்டு வரி எழுதலாம். நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்? எழுதித் தள்ளினார்கள்.

முதலில் மூன்று வகைக்கும் கமெண்டுகளைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்திருந்தாள். எந்த மாற்றத்தையும் மூன்று தடவை செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்த்தாள். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு கமெண்டுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் குறிக்க வேண்டும்: எந்த வகை அறிவிப்பு, அதில் எத்தனையாவது. பிளெசி எண்ணைக் குறித்தாள், வகையைக் கோட்டைவிட்டாள். தெருப் பெயர் எழுதாமல் கதவு எண் மட்டும் போட்ட கடிதம் மாதிரி ஆயிற்று. ஒரே ஒரு பிறப்பு அறிவிப்பை வைத்துச் சோதித்தாள், சரியாக வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் புதியதை ஏற்றி, பழைய அட்டவணைகளைச் சுத்தமாக அழித்தும் விட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் விஷயம் வெடித்தது. பிறப்பில் பதினேழாவது அறிவிப்பு, ஸ்டெஃபியின் ஒரு மாதக் குழந்தை. மரணத்தில் பதினேழாவது, பத்து நாள் முன்பு இறந்துபோன ஞானசௌந்தரி. அந்த அம்மாளின் படத்துக்குக் கீழே, ‘அப்படியே அப்பா ஜாடை! பிரியாணி எப்ப?’ என்று நின்றது.

பிளெசி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கமெண்டுகளையும் மறைத்து வைத்தாள்.

“கைக்கு பழசை அழிச்சே?” என்றான் கணவன் ஃபிரெடி. அந்த ஊர் உருது கலந்த தமிழில் ‘கைக்கு’ என்றால் ‘ஏன்’.

“புத்தி கெட்டுப்போய்தான்.”

பதினேழாம் எண்ணில் மட்டும் அறுபத்து மூன்று கமெண்டுகள். ஞானசௌந்தரி இறந்த தேதிக்கு முன்னால் எழுதியவை குழந்தைக்குத்தான். அவற்றை எளிதாகத் தனியே ஒதுக்கினாள்; வகையைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறந்தாலும் ‘ஆமென்’, இறந்தாலும் ‘ஆமென்’ என்று எழுதுகிற சபையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எழுதியவர்களுக்கே போன் போட்டாள்.

“எனக்கே ஞாபகம் இல்லம்மா, ரெண்டுக்கும் வச்சுக்கோ” என்றார் ஒருவர்.

ரெண்டுக்கும் வைக்க முடியாது. ஒரு கமெண்டுக்கு ஒரு சொந்தக்காரர்தான்.

ஐந்து மணிக்கு வாசலில் துரைராஜ் நின்றார், ஞானசௌந்தரியின் கணவர்.

“அங்கிள், மன்னிச்சிருங்க. என் தப்புதான்.”

“அது கெடக்கட்டும்மா. காலைல அவ பக்கத்துல அவளே எழுதுனது ஒண்ணு இருந்துச்சே, இப்பக் காணலையே. அழிச்சிட்டியா?”

“இல்ல அங்கிள், இருக்கு.” அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். ஞானசௌந்தரியின் பெயர். தேதி, அவர் இறப்பதற்கு இரண்டு வாரம் முந்தியது. ‘ஸ்டெஃபி, பாப்பாவுக்கு ஒண்ணு பின்னிட்டிருக்கேன். ஞானஸ்நானத்துக்குள்ள முடிச்சிருவேன்.’

துரைராஜ் மூன்று தடவை படித்தார். “இத அவ பக்கத்துலயே வச்சிரேம்மா. தெனமும் பாத்துக்கிடுவேன்.”

வகை என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்லைப் போட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று பிளெசிக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சொன்னாள்: “அங்கிள், ஆன்ட்டி இதை பாப்பாவுக்குல்ல எழுதுனாங்க.”

ஃபிரெடி வைத்துவிட்டுப் போன டீ ஆறிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்த மஞ்சக் குல்லா அதுக்குத்தானா?” என்றார் கடைசியில். “பாதிதான் பின்னியிருக்கா. ஊசியோட கூடைல கெடக்கு. யாருக்குன்னு தெரியாம தெனமும் எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பாப்பாகிட்டயே போடும்மா.”

பிளெசி அந்தக் கட்டத்தில் ‘பிறப்பு’ என்று போட்டாள். துரைராஜ் அங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு ஸ்டெஃபி வீட்டுக்குப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஞானஸ்நானம். குழந்தை தலையில் மஞ்சள் குல்லா. மீதியைப் பின்னியவள் ஸ்டெஃபி. கம்பளி அதேதான், கைதான் வேறு என்பது பார்த்தாலே தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆராதனை முடிந்து பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போது பிளெசியின் போன் சிணுங்கியது. ஒரு புதிய கமெண்ட். பழக்கதோஷம், முதலில் கட்டங்களைத்தான் பார்த்தாள். வகை: பிறப்பு. எண்: பதினேழு. எழுதியவர்: துரைராஜ்.

‘முடிச்சாச்சு, ஞானம்.’