மார்ச் மாதத்து நானூற்றுப் பன்னிரண்டு

பள்ளிக்கூடப் படி மிதிக்காமலே எண்களைப் படிக்கக் கற்றாள். ஆண்கள் மட்டுமே இருந்த மழை அளவு நிலையத்தில் உதவியாளர் வேலை வாங்கினாள். ஒன்பது வருடம் ஒரு நாள்கூட அளவு தவறவிடவில்லை. கடைசியில் மேலதிகாரியையே வாயடைக்க வைத்தாள். தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் தையல்கடை அண்ணன் இந்த வரிசையில்தான் சொல்வார்.

அவளுக்கு எழுதத் தெரியாது. அதனால் எழுத்தர் வந்து கண்ணால் பார்க்கும்வரை அளந்த நீரைக் கொட்டமாட்டாள். அவர் பதிவேட்டில் அளவையும் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதுவார். அவள் கைநாட்டு வைப்பாள்.

வட்டாரத்தின் ஆறு நகரங்களுக்கும் மாதவாரிச் சராசரி அட்டவணை நிலையத்துச் சுவரில் தொங்கியது. இந்த ஊருக்கு மார்ச் முழுவதற்கும் பதினெட்டு மில்லிமீட்டர். அந்த மார்ச்சில் ஒரே நாளில் வானம் பொத்துக்கொண்டது. மழைமானி வழிவதற்குள் மூன்று முறை நீரை எடுத்து வைத்தாள். அளவுக் குவளை பிடிப்பது இருபது மில்லிமீட்டர் மழை. இருபது முறை நிறைந்தது. இருபத்தோராவது முறை பன்னிரண்டு. நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்ததால் நீரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுத்தருக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

"என்னடி, சோத்துப் பானை நிறையத் தண்ணி?"

"மழைண்ணே. தொட்டுடாதே."

"அப்போ சோறு?"

"மழை கணக்குல ஏறட்டும், அப்புறம் பொங்கலாம்."

மூன்றாம் நாள், தண்ணீர் வடிந்தபின், எழுத்தரோடு மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மற்ற ஐந்து ஊரிலும் முப்பதைத் தாண்டவில்லையாம்.

"நாற்பத்தொன்று புள்ளி இரண்டும்மா. புள்ளியை விட்டுட்டே. இப்படி அளந்தா வேற ஆளைத்தான் போடணும்."

"தெருவெல்லாம் வெள்ளம் சார்!" என்றார் அண்ணன்.

"சாக்கடை அடைச்சாலும் தெருவுல தண்ணி நிக்கும்."

அவள் பானையையும் குவளையையும் கொண்டுவந்து மேலதிகாரி முன் வைத்தாள்.

"நீங்களே ஊத்திப் பாருங்க சார்."

நாற்பத்தொன்று என்றால் மூன்றாவது குவளையில் அடி நனைவதோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது நிறைந்தது. பத்தாவதில் எழுத்தர் எழுந்து நின்றார். இருபதாவதில் மேலதிகாரி கைக்குட்டையை எடுத்தார். இருபத்தொன்று: பன்னிரண்டுக்கு ஒரு கோடு குறைவு.

"மூணு நாள்ல காத்து குடிச்சிருக்கும்" என்றாள்.

மேலதிகாரி பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு என்று தன் கையாலேயே பதிந்தார். எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்தார். வெள்ளத்தில் ஊறிச் சாயம் போயிருந்தது. அவள் மேலதிகாரியின் பேனாவை வாங்கி, குனிந்து, தன் பெயரை எழுதினாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"எப்போடி கத்துக்கிட்டே?" என்றார் அண்ணன்.

"ஒன்பது வருஷமா தினம் எழுத்தர் என் பேரை என் விரல் பக்கத்துலதானேண்ணே எழுதினாரு. பார்க்காமலா இருந்தேன்?"

கையெழுத்துக்குக் கீழே மேலதிகாரி தேதியிட்டார்: 17 மார்ச் 1994.