ஆறாவது சிலிண்டர்

கணவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஊர் முடிவு கட்டியபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு, மகளுக்கு எட்டு. கரையில் சட்டையும் செருப்பும் கிடந்தன, உடல் கிடைக்கவில்லை. இருவருமாக நடத்திவந்த என்ஜின் பட்டறையை அவள் மூடவில்லை. சிலிண்டர் குடைகிற மெஷினை ஓட்ட அவளுக்கு முன்பே தெரியும். வண்டி இறக்கவும் வாடிக்கையாளரிடம் பேசவும் கணவனின் தம்பி வந்து நின்றான். பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்கா, கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி.

வேலைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது என்பார்கள். உண்மைதான். ஆனால் போனவன் அவளை முழுதாக விடவில்லை. கூட்டத்தில் ஏதாவதொரு பின்னந்தலையைப் பார்த்துப் பின்னாலேயே ஓடுவாள். திரும்பினால் வேறு முகம். மூன்றாம் வருடம் ஒருமுறை மட்டும் முகமே தெரிந்தது. பட்டறைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில், சாம்பல் நிறத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான். அளவு பார்த்துக்கொண்டிருந்த மைக்ரோமீட்டரைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். நடுவில் ஒரு பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்தபோது நிறுத்தத்தில் யாரும் இல்லை.

"சத்தியமா அவர்தான் தம்பி. என்னையே பாத்துக்கிட்டு இருந்தார்" என்று சொன்னவளைக் கொழுந்தன்தான் டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் அவள் வாய் திறக்கவில்லை.

கணவன் போய்ப் பத்து வருடம் கழித்து அந்தப் பச்சை நிற எஸ்யூவி வந்தது. வரிசைக்கு நான்காக எட்டு சிலிண்டர், மிதித்தால் பறக்கிற ரகம். ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டர். வெளியூரில் பழைய வண்டியாக வாங்கி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"காலைல ஸ்டார்ட் பண்ணா டக்கு டக்குன்னு பல்லக் கடிக்குது. என்கிட்ட வர்ற ஆளா இருந்தா ஊசி போட்டுப் புடுங்கியிருப்பேன்" என்றார்.

சூடானதும் சத்தம் குறைந்தது. இடது புகைக்குழாயில் மட்டும் கரி அப்பியிருந்தது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, துளை வழியாக மெல்லிய கேமராவை உள்ளே விட்டாள். இந்த என்ஜின்களின் சிலிண்டருக்குள் லைனர் என்கிற இரும்பு உறை கிடையாது. அலுமினியச் சுவரின் மேல் தோல் மாதிரி ஒரு கடினமான படலம், அவ்வளவுதான். குளிர்ந்து கிடக்கும் என்ஜினை எழுப்பிய கையோடு விரட்டினால், ஆயில் போய்ச் சேருவதற்குள் பிஸ்டன் சுவரை உரசிவிடும். தோல் ஒருமுறை கிழிந்தால் பிறகு ஆறாது. வலது வரிசை பரவாயில்லை. இடது வரிசையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. ஆறாவது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"தம்பி, இதுல ஏற்கெனவே யாரோ லைனர் எறக்கியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு."

கொழுந்தன் திரையைப் பார்க்கவே இல்லை. வண்டி வாசலில் நுழைந்ததிலிருந்தே அவன் அவனாக இல்லை.

"இதப் பிரிக்க வேணாம் அண்ணி. பழைய என்ஜின் ஒண்ணு பாத்து மாட்டிவிட்டுடலாம். வேலை சுலபமா முடியும்."

"அதுக்கும் இதே வியாதி இருக்காதுன்னு என்ன நிச்சயம்? மூணே மாசத்துல திரும்ப வந்து நிப்பார்."

"அப்ப கம்பெனில சொல்லிப் புது என்ஜின் பிளாக் வரவழைக்கலாம்."

"அது வந்து சேர்றதுக்குள்ள டாக்டர் நம்ம பல்லப் புடுங்கிடுவார். கிழிஞ்சதயெல்லாம் குடைஞ்சு இரும்பு லைனர் எறக்கி, புது பிஸ்டன் போடுவோம். நமக்கு இது என்ன புதுசா?"

"வேற எங்கயாவது குடுத்துடலாமே." குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது. வந்த வேலையை வேண்டாமென்று சொல்லி அவள் அவனைப் பார்த்ததே இல்லை. உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் கேஸ்கெட் வாங்கப் போயிருந்தபோது அவளே பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். ஆறாவதைத் துணியால் துடைத்து, வழக்கம்போல் கவிழ்த்துப் பார்த்தாள். உட்புறத்தில் ஊசியால் கீறிய ஒரு சின்ன அம்பு. அதன் வால் மீன் வால் மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது.

எந்தப் பக்கம் முன்பக்கம் என்று குறித்துக்கொள்ள எல்லோரும்தான் அம்பு போடுவார்கள். மீன் வால் போடுகிறவன் ஒருவன்தான். கல்யாணமான புதிதில், "இது என்ன, கருவாடா?" என்று அவள் கேலி செய்த அதே அம்பு.

பிளாக்கைத் திருப்பி, லைனரின் கீழ் விளிம்பில் விளக்கை அடித்தாள். அரம் போட்ட தடங்கள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது கைக்காரன் அரம். அவள் கணவனுக்கு இடது கைப் பழக்கம்.

வண்டி தயாரான வருடம் கதவோரத் தகட்டிலேயே இருந்தது. ஆற்றங்கரையில் சட்டை கிடைத்து நான்கு வருடத்துக்குப் பிறகு செய்த வண்டி அது.

கொழுந்தன் திரும்பி வந்தபோது அவள் ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பிஸ்டன். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் கேஸ்கெட் பொட்டலத்தை மேசையில் வைக்கப் போய்த் தவறவிட்டான். குனிந்து எடுக்கவில்லை.

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டார் அண்ணி. அவர் போய் ஒரு வருஷம் கழிச்சு போன் வந்துச்சு. நான் போய்ப் பாத்தேன். அப்புறமும் நாலஞ்சு தடவ போயிருக்கேன். இந்த வண்டிக்கு அவர் வேலை பாக்கறப்போ பக்கத்துலதான் இருந்தேன். நேத்து அந்தப் பச்சையப் பாத்ததுமே அடையாளம் தெரிஞ்சிடுச்சு."

"ஏன் போனாராம்?"

"கேட்டேன். இருக்க முடியல, அவ்வளவுதான்னார். உங்க மேல ஒரு குத்தமும் சொல்லல."

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் அவள். பிறகு, அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வரக்கூடாது என்று நினைத்தபடியே கேட்டாள். "அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல?"

அவன் தலை கவிழ்ந்தது. "அவர்தான். ஒரே ஒரு தடவ பாக்கணும்னு வந்தார்."

"என்னைப் பைத்தியம்னு கூட்டிட்டுப் போய் மாத்திரை வாங்கிக் குடுத்தியே தம்பி."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை, பிஸ்டனைத் துணியில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"இப்ப எங்க இருக்கார்?"

"போன வருஷம் போயிட்டார் அண்ணி. காய்ச்சல்னு படுத்தவர் எழுந்திருக்கல. நான்தான் அடக்கம் பண்ணேன்."

உயிரோடு இருந்தவனுக்காக ஒன்பது வருடம் விதவையாக இருந்திருக்கிறாள். அவன் உண்மையிலேயே செத்த அன்று, இதே மெஷினுக்கு முன்னால் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றிருப்பாள். பார்த்துவிட்டு விலகிய அத்தனை பின்னந்தலைகளும் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதில் எது அவன், எது அவனில்லை என்று இனி யாரிடம் கேட்பது?

கிழிந்த சிலிண்டர்களைக் குடைந்து லைனர் இறக்கினாள். ஆறாவதை மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதையும் எடுத்துவிட்டுப் புதிது போடலாம்தான். மெஷினை அதற்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தக்கூடச் செய்தாள். பிறகு அணைத்துவிட்டாள். நன்றாக இருப்பதை எடுக்க மனம் வரவில்லை. மனம் என்று சொல்வதா, தொழில் என்று சொல்வதா, அவளுக்கே தெரியவில்லை.

வண்டி சத்தமில்லாமல் எழுந்தது. பல் டாக்டர் கைதட்டினார். அவள் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் இப்போதும் வேலைக்கு வருகிறான். போல்ட், கேஸ்கெட் தவிர வேறு பேச்சு இல்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரிக்குப் போகிற பெண். நேரே பட்டறைக்குப் போய்ச் சித்தப்பா முன்னால் நின்று, "அப்பா என்னைப் பத்தி எதாவது கேட்டாரா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"கேட்டாரும்மா" என்றான் அவன். மகள் நம்பியதாகத் தெரியவில்லை.

சமாதியைப் பார்க்க மகள் சித்தப்பாவோடு போனாள். இவள் போகவில்லை, வேறொரு என்ஜினைப் பிரித்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மகள் பையோடு நேரே பட்டறைக்கு வந்தாள்.

"கல்லுல வேற பேரு இருக்கும்மா. அங்க எல்லாருக்கும் அந்தப் பேருதான் தெரியுமாம்."

"என்ன பேரு?"

மகள் சொன்னாள். இவள் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்த யாருடைய பெயராகவும் அது இல்லை.