முதல் கல்யாணக் காட்

கிளின்ரனைப் பற்றி நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும். எனக்கு அவன் மேல் பொறாமை. புலம்பெயர்ந்து வந்த தோர்ண்டன் ஹீத்தில் பன்னிரண்டு வருடமாக எதிரெதிர் வீடு.

எங்கள் தெருவுக்கு அயல் காவல் குழு வேண்டுமென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் நான். பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, அந்தக் களைப்போடு வாங்கினேன். தலைவராக வந்தது அவன்! வேலை என்னவோ ஒரு கடையில் வாசல் காவல்தான். ஆனால் மஞ்சள் மேலங்கியோடு தெருவில் இறங்கினால் கவுன்சிலர் தோற்றார். கோயிலில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் வயிறெரிய எரியக் கைதட்டினேன்.

கல்யாணத்துக்கு அழைக்கக் காட் கொடுக்க வருகிறவர்களும் முதலில் அவன் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். முதல் காட் யாருக்கு என்பது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விஷயமில்லை. என் கைக்கு வந்ததெல்லாம் பத்தாவது, பதினைந்தாவது.

போன நவம்பரில் ஒரு பின்னேரம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக் கதவுமணிக் கமெரா போனில் சத்தமிட்டது. பார்த்தால், தலையை மூடிய ஒருவன் கதவடியில் குந்தியிருந்து ஏதோ செய்கிறான். முகம் தெரியவில்லை. ஒருமுறையாவது கிளின்ரனை முந்தவேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. "என்ரை வீட்டுக் கதவை உடைக்கிறான்" என்று குழுவின் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினேன். ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வரும்தானே.

திரும்பி வந்தபோது தெரு நிறையப் பொலிஸ். நரி விரட்ட வாங்கிய காற்றுத் துப்பாக்கியால் கிளின்ரன் சுட்டிருந்தான். குண்டு அந்த ஆளின் இடது கண்ணில். ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"கத்தியோடை பாய்ஞ்சவன். என்ரை உயிரைக் காப்பாத்தத்தான் சுட்டனான்" என்றான் கிளின்ரன். குழுவில் அவனுக்குப் பாராட்டு மழை. என் வீடு, என் செய்தி, வீரன் மட்டும் மறுபடியும் அவன்!

பொலிஸ் கட்டிய நாடாவுக்கு அப்பால் என் கதவடியில் ஒரு சோடிச் சப்பாத்து ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. கள்ளன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டா வருவான்?

பதிவைத் திறந்து பார்த்தேன். அவன் குந்தியிருந்தது சப்பாத்து நாடா அவிழ்க்க. எழும்பி, தலைமூடியை விலக்கிப் பக்கவாட்டில் திரும்புகிறான். படலை வாசலில் கிளின்ரன், துப்பாக்கியை ஏற்கெனவே நீட்டியபடி. இருட்டில் துப்பாக்கி தெரியவில்லைப் போல, தமிழ் முகத்தைக் கண்டு வந்தவன் சிரிக்கிறான். ஓரத்தில் பொன் மினுங்கும் உறை ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டுகிறான். ஓரடிகூட முன்னே வைக்கவில்லை. பிறகு சத்தம்.

கிளின்ரன் தொலைந்தான். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சந்தோசமாகவும் இருந்தது. வெட்கம்தான், ஆனால் உண்மை.

என் மனைவி கௌசி போனை எட்டிப் பார்த்தாள். "இதைப் பொலிசிட்டைக் குடுத்தால் நீங்கள் போட்ட மெசேஜும் வெளியிலை வரும். எரிச்சலிலை காட்டிக்குடுத்தான் எண்டும் சனம் கதைக்கும். யோசிச்சுச் செய்யுங்கோ."

இரண்டு நாள் யோசித்தேன். பொலிஸ் கேட்டதற்கு, கமெராவைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சாட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் ரெய்னர்ஸ் லேனிலிருந்து என் சித்தப்பா மகள் தவமலர் அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"அண்ணை, எங்கடை சுஜீத்துக்கு இடக் கண் இனித் தெரியாதாம். அவன்ரை கல்யாணம், முதல் காட் பெரியண்ணை உங்கடை வீட்டுக்குத்தான் போகவேணும் எண்டு நான்தான் அனுப்பினனான். எனக்குக் கால் ஏலாது, அதாலை தனியப் போனவன். உங்கடை வாசலிலை என்ன நடந்தது?"

அவள் மகன் சுஜீத்தைப் பத்து வயதில் பார்த்தது. தாடி வைத்த அந்த முகத்தை நான் அடையாளம் காணவில்லை.

அடுத்த நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பதிவைப் பார்த்துவிட்டு, கிளின்ரனோடு ஏதும் மனத்தாங்கல் உண்டா என்று கேட்டாள் பொலிஸ்காரி.

உண்டு, பன்னிரண்டு வருடமாகப் பொறாமை என்றேன். பிறகு அவள் கேட்காமலே போனைத் திரும்ப வாங்கி, அந்தப் பிள்ளையைக் கள்ளனாக்கி நான் போட்ட செய்தியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.