உலக்கை வந்த கிழமை

எங்கள் மாமா போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குள் அதுவரை எந்த ஜீப்பும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு, தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். வயலெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். அப்பாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்பா மின்சார ரயிலில் ஆபீஸ் போய் வருகிறவர், சத்தம் போட்டுப் பேசாதவர். மாமாவோ பேச்சு முற்றுவதற்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்.

ஜீப் வருவதற்குப் பத்து நாள் முன்புதான் அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது. அப்படித்தான் அம்மா என்னிடமும் அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். பின்னறையில் தனிப் பாய், தனித் தட்டு, வாசலில் வேப்பிலை. அப்பா எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதாம். டாக்டரிடம் காட்டலாமே என்றார் அப்பா. அம்மைக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அக்காவின் முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் வேளாவேளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்கும் அம்மை வரட்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

உண்மையில் அக்கா பெரியவளாகியிருந்தாள். பெண்ணை மூலையில் உட்காரவைப்பது, ஊரைக் கூட்டிச் சடங்கு சுற்றுவது எதுவும் என் வீட்டில் நடக்கக் கூடாது என்று அப்பா எப்போதோ சட்டம் போட்டிருந்தார். அம்மாவுக்குச் செய்யாமல் விடவும் மனமில்லை, அப்பாவை எதிர்க்கவும் தைரியமில்லை. அதனால் அம்மை. இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

ஜீப் வருவதற்கு ஐந்து நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில், ஏரிக்கரையில் ஒரு மனைத் தரகர் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அவருக்கும் மாமாவுக்கும் எல்லைக்கல் தகராறு. கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டுவிட்டான் என்று மாமா டீக்கடையில் நின்று கத்தியது ஊருக்கே தெரியும்.

மறுநாள், புதன்கிழமை, அப்பா ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு மாமா சைக்கிளில் ஓர் உலக்கையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தார். பெண் உட்கார்ந்திருக்கும் அறையின் வாசற்படியில் தாய்மாமன் வீட்டு உலக்கையைக் குறுக்கே போட வேண்டும், அப்போதுதான் காத்துக்கருப்பு அண்டாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மாதான் சொல்லியனுப்பியிருந்தாள். எனக்கு உலக்கையைவிடப் பெரிய விஷயம் மனதில் இருந்தது.

“மாமா, ஏரிக்கரையில ஒருத்தர் செத்துப் போனாராமே, அவர உங்களுக்குத் தெரியுமா?”

“இன்னா பேச்சு பேசுற பாப்பா? கவுத்தப் புடி.”

அம்மா அந்த உலக்கையைத் தேய்த்துக் கழுவினாள். அடி முதல் நுனி வரை மஞ்சள் பூசி, இரும்புப் பூணுக்கு மேலே குங்குமம் வைத்தாள். அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் அது கதவுக்குப் பின்னால் போய்விடும்.

தரகரின் தலையில் இருந்த காயம் வட்டமாக இருந்ததாம். பூண் போட்ட உலக்கையால்தான் அடித்திருக்க வேண்டும் என்று போலீஸ் முடிவுக்கு வந்தது. மிக்ஸியும் மாவு மில்லும் வந்த பிறகு உலக்கை இருந்த வீடுகள் குறைவு. மாமா வீட்டில் ஒன்று உண்டு என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போய்க் கேட்டால் காணோம். எங்கே என்றால் தொலைந்துவிட்டது என்கிறார். லாக்கப்பில் வைத்துக் கேட்டும் அதையேதான் சொன்னார். யாரோ ஒருவர், அவர் சைக்கிளில் உலக்கையோடு சிட்லபாக்கம் பக்கம் போனதைப் பார்த்தேன், என்றைக்கு என்றுதான் ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் மரியாதையாகவே கேட்டார். “உங்க மச்சான் இங்க உலக்கை எதுவும் வச்சிட்டுப் போனாரா சார்?”

“உலக்கையா? எங்க வீட்ல மிக்ஸி இருக்கு சார்” என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. “உலக்கையும் இருக்கு! அக்காவுக்கு அம்மை போட்டிருக்கில்ல, அதுக்கு வச்சிருக்கு!”

“அம்மைக்கு உலக்கையா?” இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். வயதான போலீஸ்காரர் ஒருவருக்கு மட்டும் என்னவோ புரிந்துவிட்டது. அவர் எதிர்வீட்டுத் தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

“கொயந்த எதுனா ஒளறும் சார், அத்தப் போயி…” என்று இழுத்தார் மாமா.

அம்மா வாசற்படியைத் தாண்டி வந்தாள். வேற்று ஆண்கள் முன்னால் அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

“அம்மை இல்ல சார். பொண்ணு பெரியவளாயிட்டா. இவருக்கு இதெல்லாம் புடிக்காது, அதான் மறைச்சேன். இவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். அதுக்காகத்தான் அவரும் வாயத் தொறக்கல. போன ஞாயித்துக்கிழமையே கொண்டாந்து குடுத்துட்டாரு. அன்னையிலேர்ந்து உலக்கை எங்க வீட்டவிட்டு நகரல.”

அம்மா தப்பாகச் சொல்கிறாளே! “ஞாயித்துக்கிழமை இல்லம்மா…” என்று ஆரம்பித்தேன்.

அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. வலித்தது. “இதுக்கு இன்னும் கிழமையே சரியா தெரியாது சார்” என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வகுப்பில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள் நான். போலீஸ்காரர்கள் முன்னால் அம்மா என்னை முட்டாளாக்கிவிட்டாளே என்று ஆத்திரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் கேட்கக் கூச்சப்பட்டார். உலக்கையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் மஞ்சளைத் தவிர ஒன்றும் தென்படவில்லையாம். மாமாவை விட்டுவிட்டார்கள். தரகரைக் கொன்றது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

விடுதலையான மாமா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க பொண்ணுக்காக லாக்கப்ல போய் உக்காந்தீங்களே மச்சான். நான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன்.” அப்பாவின் கண் கலங்கியிருந்தது. சடங்கை ஜாம்ஜாமென்று நடத்திவிடலாம் என்றுகூடச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொன்ன அம்மாவுக்குத் திட்டில்லை, மாமாவுக்கு உபசாரம், எனக்கு மட்டும் தோளில் வலி.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா குழம்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

“இன்னாம்மா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார் மாமா. அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மாமா எத்தனையோ முறை வந்தார், சாப்பிட்டார். அப்பாவும் அவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஆனால் அவருக்கு அம்மா தன் கையால் சோறு போட்டு நான் பார்க்கவே இல்லை. எப்போதும் நானோ அக்காவோதான் பரிமாறுவோம். பெண்பிள்ளைகளுக்கு அம்மா வேலை பழக்குகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.