எந்த மல்லி?

என் மனைவி தோட்டத்தையும் அடுப்பையும் பற்றி ஓர் இணையதளம் நடத்துகிறாள். திண்டுக்கல் சமவெளியின் செம்மண்ணில் என்ன விளையும், விளைந்ததை எப்படிச் சமைக்கலாம் என்பவை மட்டுமே அதன் பொருள். கட்டுரைகள் நிறைய இருந்தன, வாசகர்தாம் தங்கவில்லை. தேடிவந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கம் ஒன்று உண்டென்பதையே அறியாமல் வெளியேறினார்கள்.

“கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். அப்பவும் வாரவுக எல்லாம் வாசல்லயே நின்னுட்டுப் போனா, எழுதுறத நிறுத்திருவேன்” என்றாள்.

சொன்னதைச் செய்பவள். எழுதிய ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்து, என்னோடு வழக்காடி, பின் தன் விருப்பப்படியே வைத்துக்கொள்ளும் அவளுடைய மாலைகளை இழக்க எனக்கு மனமில்லை.

குறை எங்கே என்பது தெளிவாகவே தெரிந்தது. கத்தரி நாற்றைப் பற்றிய பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் பற்றிய பக்கத்துக்குக் கைகாட்ட வேண்டும், காட்டவில்லை. நான் உள்ளிணைப்பு என்றதை அவள் லிங்க் என்றாள். பெயரில் உடன்படாவிட்டாலும் வேலையில் உடன்பட்டோம். கட்டுரைகள் அனைத்தையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து, எந்தச் சொல்லிலிருந்து எந்தப் பக்கத்துக்கு வழி அமைக்கலாம் என்று கேட்டோம். தேநீரை ஆற்றி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. இருவரும் படித்துப் பார்த்தோம். வலிந்து பொருத்தியவற்றை நீக்கி, எஞ்சியவற்றைத் தளத்தில் ஏற்றினோம்.

சில நாள்களில், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலைசெய்யும் வாசகி ஒருத்தி, ஆலைப் பேருந்தில் போகும்போதே ஒரு பின்னூட்டம் இட்டிருந்தாள். மனைவி அதைப் படித்தாள்.

“அக்கா, மீன் கொழம்புக்கு மல்லிய வறுத்து அரைக்கச் சொல்றீக. அந்த மல்லிய அமுக்குனா, பூச்செடிக்குக் கவாத்து பண்ணச் சொல்லுது. அம்புட்டுப் பூவையும் வறுத்துட்டா எங்க வீட்டுக்காரரு என்னைய வறுத்துருவாரு. தலைக்கா கொழம்புக்கா, ஒரு முடிவு சொல்லுங்க.”

படித்து முடிக்கவே அவளால் இயலவில்லை. சிரிப்பில் கைப்பேசி நழுவியது.

எங்களூரில் மல்லிகையும் மல்லி, கொத்தமல்லியும் மல்லி. பூக்கடையில் மல்லி கேட்டவருக்கு எவரும் விதையை அளந்து கொடுப்பதில்லை. மளிகைக் கடையில் கேட்டவருக்கு எவரும் முழம் போடுவதில்லை. செயலிக்கு நின்று கேட்க ஒரு கடையும் இல்லை. ஆகவே குழம்பிலிருந்து பூந்தோட்டத்துக்கும், கூந்தலிலிருந்து துவையலுக்கும் அது தாராளமாக வழி போட்டிருந்தது. நாங்கள் சரிபார்த்தபோதோ, ‘வீட்டில் மல்லி வளர்ப்பு’ என்னும் தலைப்பைக் கண்ட இடமெல்லாம், அந்தந்த இடத்துக்குப் பொருந்தும் மல்லியே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பிறந்தது முதல் பழகிய காது எங்களை ஏமாற்றிவிட்டது.

“மல்லிகை என்றும் கொத்தமல்லி என்றும் திருத்திவிடுவோம்” என்றேன்.

“நீங்க பூக்கடையில போயி மல்லிகைன்னு கேட்டுப் பாருங்க. எந்த ஊருன்னு விசாரிப்பாக!”

திருத்த மறுத்தவள், இரண்டு மல்லிக்கும் நடுவே நிற்கும்படி ‘எந்த மல்லி?’ என்று புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். ஐயம் எழும் இடத்தில் எல்லா இணைப்புகளும் முதலில் அங்கே வந்து, பிறகு பூவுக்கும் குழம்புக்கும் பிரிந்தன. நூற்பாலை வாசகி அதைத் தன் தோழியருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவர்கள் பூவிலிருந்து துவையலுக்கும், துவையலிலிருந்து கீரைப் பாத்திக்கும் போய், போன இடமெல்லாம் கேலி எழுதிவைத்தார்கள். “பஸ்ஸு மில்லுக்குள்ள வந்துருச்சு. மிச்சத்த சாயங்காலம் படிக்கிறோம் அக்கா” என்று ஒருத்தி எழுதியதை மனைவி எனக்கு மூன்று முறை படித்துக்காட்டினாள்.

கிறிஸ்துமஸ் கடந்தது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், நிறுத்துவதைப் பற்றிக் கேட்க இடமில்லை. முந்தாநாள் மாலை, மொச்சை உரித்துக்கொண்டே அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்:

“ஏங்க, அவரைக்கும் மொச்சைக்கும் ஏஐகிட்ட லிங்க் கேளுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி அந்த மில்லுக்காரப் பொண்ணுககிட்ட ஒருதரம் காட்டிருவோம்.”