பொற்கொடிக்குக் கொடுத்த இருபது நாள்

தப்பு செய்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொற்கொடியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஓசூரில் இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பொற்கொடி சிங்காரப்பேட்டைக்காரர். காம்பவுண்டின் கடைசி மூலையில் கழிவுநீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறார். கேன்டீனில் அவருக்குச் 'சாக்கடை மேடம்' என்று பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"ரெண்டாயிரம் பேரு ஊத்துறத ஒருத்தி சுத்தம் பண்றேண்ணா. நீங்க அதுல பாதி பண்ணுங்க பாக்கலாம்" என்பார். அதற்கு மேல் கோபப்படமாட்டார்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் மெஷின் முதல் கழிவறை வரை கழுவித் தள்ளுவோம். போன வருடம் முதலாளி நேரில் வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்க்க வைத்தேன். அத்தனையும் பொற்கொடியின் தொட்டிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், காபி நிறத்தில் இருந்த தொட்டி சாம்பலாகக் கிடந்தது. மூன்றாம் நாள் கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி கேன்டீன் வரை வந்துவிட்டது.

"பிளீச்சிங் போட்டா நாத்தம் போகணுமேம்மா?" என்றேன், விவரம் கெட்டவன்.

"மூத்திரத்துல இருக்கறது யூரியாண்ணா. ஒரு கூட்டம் பாக்டீரியா அத ஒடச்சு அம்மோனியாவா மாத்தும். இன்னொரு கூட்டம் அந்த அம்மோனியாவத் தின்னு தீக்கும். நீங்க ரெண்டையும் கொன்னுட்டீங்க. மொத கூட்டம் மூணே நாள்ல திரும்ப வந்துருச்சு. ரெண்டாவது லேசுல பெருகாது. அதான் இந்த நெடி."

எனக்கு வெட்கமாக இருந்தது. பொற்கொடியோடு மேனேஜர் ஹரீஷ்குமாரிடம் போய், "தப்பு என்னுது சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

"தொட்டி அவங்களோடது" என்று சொல்லிவிட்டுப் பொற்கொடியைப் பார்த்தார். "இருபது நாள் டைம். அம்மோனியா இறங்கலேன்னா பெங்களூர் பார்ட்டிக்கு கான்ட்ராக்ட் போயிடும். உங்களுக்கு இங்க வேலை இருக்காது."

பொற்கொடி அழவில்லை. அன்றே பாகலூர் ரோட்டில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்குப் போனார். அங்கே பிளான்ட் ஆபரேட்டர் ராமப்பனிடம் தெலுங்கிலேயே பேசி, அந்த இரண்டு கூட்டமும் உயிரோடு இருக்கும் சேறு ஒரு டேங்கர் வாங்கி வந்து தொட்டியில் இறக்கினார். காற்றடிக்கும் புளோயரை ஒரு நிமிடம்கூட நிறுத்தவிடவில்லை. அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீர் புளித்துப்போகுமாம். அதற்காகத் தினமும் அளந்து அளந்து சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். கரைத்தது நான். அந்தப் பாவத்துக்கு அதுவாவது செய்ய வேண்டாமா?

தினமும் காலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விடுவார். அம்மோனியா அதிகம் என்றால் நிறம் அடர்மஞ்சள். ஐந்தாம் நாளும் அடர்மஞ்சள், பத்தாம் நாளும் அதே. ஓசூர்க் குளிர் வேறு சேர்ந்துகொண்டது. குளிரில் அந்த இரண்டாவது கூட்டம் இன்னும் சோம்பேறியாகிவிடுமாம். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் மட்டும் சுண்ணாம்பைக் குறைக்கவில்லை.

பதினான்காம் நாள் குழாயைத் தூக்கி வெயிலில் பிடித்தார். மஞ்சள் வெளுத்திருந்தது. "தின்ன ஆரம்பிச்சுட்டாங்கண்ணா!" என்று கத்தினார். ஊரில் பிள்ளைக்கு ஜுரம் விட்ட மாதிரி நானும் கூடவே கத்தினேன்.

இருபதாம் நாள் வெளி லேப்பிலிருந்து ரிப்போர்ட் வந்தபோது, பெங்களூர் ஆட்கள் டேப்போடு வந்து தொட்டியை அளந்துகொண்டிருந்தார்கள். ஹரீஷ்குமார் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். அம்மோனியா, அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை.

"என்ன கெமிக்கல் போட்டீங்க?"

"கெமிக்கல் தானே சார் கொன்னுச்சு. உசுரோட இருக்கறதக் கொண்டாந்து விட்டு, பட்டினி போடாம பாத்துக்கிட்டேன்."

வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார் மேனேஜர். பிறகு பொற்கொடியிடம், "உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க" என்றார். சம்பள உயர்வு கேட்பார் என்று நினைத்தேன்.

"என்னைக் கேக்காம இந்தக் கம்பெனியில யாரும் எதையும் டிரெய்னேஜ்ல ஊத்தக் கூடாது சார்."

மறுநாளே சர்க்குலர் வந்தது. இப்போது ஒரு பாட்டில் ஃபினாயில் திறக்க வேண்டுமென்றாலும், நான் காம்பவுண்டின் கடைசி மூலை வரை நடந்துபோய் பொற்கொடி மேடத்திடம் கையெழுத்து வாங்குகிறேன்.