ஐந்து படம் வைக்கிற கண்ணாடியில் ஆறு

கம்ப்யூட்டர் தெரியும் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீஸில் இருபத்தாறு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன், வராமல் இருக்குமா? அதை நம்பித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் தங்கை, அம்மா விட்டுப்போன பழைய போட்டோக்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். ஸ்கேன் பண்ணிவிட்டால் ஆளுக்கொரு காப்பி இருக்கும் என்றாள்.

தொண்ணூறு சொச்சம் படங்கள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஸ்கேனரில் போட்டேன். ஒவ்வொன்றாக வைத்தால் ஒரு வாரம் இழுக்கும். நெருக்கி அடுக்கினால் கண்ணாடியில் ஐந்து படம் வைக்கலாம். நான் ஆறு வைத்தேன். ஓரத்தோடு ஓரம் ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும், ஓரத்தில் என்ன இருக்கப்போகிறது என்கிற அவசரம். இரண்டே நாளில் முடித்துப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரே ஷீட்டில் ஆறு ஆறாகக் கிடப்பதைத் தனித்தனிப் படமாகப் பிரிக்கிற வேலையை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் தங்கை வீட்டு ஓடு ஒழுகி, பீரோ மேல் இருந்த பை நனைந்துவிட்டது. நாலு நாள் கழித்துத்தான் பார்த்திருக்கிறாள். படங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, எடுக்க எடுக்க முகம் உரிந்து வந்ததாம். போனில் அப்படி அழுதாள். எல்லாம் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, அழாதேடி என்றேன். நம்பட்டும் என்று ஒரு ஷீட்டை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தேன். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கேட்ட படம் அதில்தான் இருந்தது.

ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போன அன்று, தேரடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. அப்பா நடுவில். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பத்து வயது நான். மறுபக்கம் அவர் இடுப்பில் நாலு வயதுத் தங்கை. அப்பா கேமராவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்காவது அவர் குரல் ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு ஒன்றுமே கிடையாது. அப்பா தன்னைத் தூக்கி வைத்திருந்தார் என்று சொல்ல அவளுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். அதைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்றாள். என்ன பெரிய ஆசை இது, அதைக்கூட நான் செய்யவில்லை.

"பிரிச்சிட்டியாக்கா?" என்று வாரத்துக்கு ஒருதரம் கேட்பாள். மம்சாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவின கையோடு போன் வரும். முதலில் தன்மையாகத்தான் பதில் சொன்னேன். முழங்கால் வலி, மருமகளுக்குப் பிரசவம், ஆபீஸில் ஆள் இல்லை என்று ஏதாவது ஒன்று. ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"செத்துப்போன மனுசன் எங்கடி ஓடிப்போகப் போறாரு? சும்மா நைநைன்னுக்கிட்டு."

அவள் சிரித்தாள். சரிக்கா, மெதுவாகச் செய் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவளோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான். அடுத்த வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பினவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிக்க உட்கார்ந்தேன். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது நேரம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேரில் அதற்கென்று ஒரு வசதி உண்டு. படங்களுக்கு நடுவே துளி இடைவெளி இருந்தால் போதும், தானே வெட்டி, கோணலை நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்துவிடும். ஒரு ஷீட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் அவளை அத்தனை மாதம் காக்க வைத்தேன்.

மற்ற ஷீட்டுகளில் சின்னப் படங்களும் கலந்திருந்ததால் ஆறும் இடிக்காமல் அடங்கியிருந்தன. அவள் கேட்ட படம் இருந்த ஷீட்டில் மட்டும் இரண்டு படம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்தது. கையால் வெட்டிக்கொள்ளலாம் என்று பெரிதாக்கினேன். அப்பா இருந்தார், நான் இருந்தேன். தங்கை இருக்க வேண்டிய ஓரத்தின் மேல் இன்னொரு படம் ஏறிக் கிடந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினபோது, சர்டிபிகேட்டும் கையுமாக நான் எடுத்துக்கொண்ட படம். கீழே கொலுசு போட்ட இரண்டு சின்னப் பாதம் தெரிந்தது. அப்பா என் சர்டிபிகேட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயோ பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன்.

படங்களை வாங்கிப்போகத் தங்கை மகள் வந்தாள். அந்த ஒன்றைக் காட்டாமல் அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. உட்காரவைத்துக் காட்டி, என் அவசரத்தால் வந்தது என்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் பெரியம்மா. நீங்க அனுப்புன அன்னைக்கே அம்மா பாத்துட்டா. போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தா."

பின்னே ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கு, அம்புட்டுதான்னா. அக்கா பிரிச்சா அடியில நான் இருப்பேன்னா. அப்பிடியெல்லாம் வராதும்மான்னு நான் எம்புட்டோ சொன்னேன் பெரியம்மா. அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், ஒனக்கு என்னட்டி தெரியும்னு என்னய ஏசுனா."

ஸ்கேன் பண்ணின பிறகு மேலே, அடியில் என்று எதுவும் கிடையாது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும், அவள் மகள் பார்த்துக்கொண்டிருக்க, என் படத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி, மவுஸால் பிடித்து மெதுவாகத் தள்ளி வைத்தேன். அடியில் வெறும் வெள்ளையாக இருந்தது.